தவறும் முதல் நாள்: தள்ளிப்போட்ட காரியத்தைத் தொடங்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

பல மாதங்களாகச் ‘செய்ய வேண்டும், செய்ய வேண்டும்’ என்று சொல்லிக்கொண்டே வந்த ஒரு காரியத்தை இனித் தொடங்கிவிடுவது என்று முடிவெடுத்தவருக்கு முன்னால் பல வழிகள் இருக்கின்றன. நல்ல நாள் பார்த்துத் தொடங்கலாம். இன்றைக்கே ஐந்து நிமிடம் மட்டும் என்று சிறிய அளவில் தொடங்கலாம். பணம் கட்டி ஒரு வகுப்பிலோ உடற்பயிற்சிக் கூடத்திலோ சேர்ந்துவிடலாம். துணைக்கு ஆள் சேர்த்துக்கொள்ளலாம். செய்யாவிட்டால் கைப்பணம் போகும்படி தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொள்ளலாம். ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டுத் தொடங்குகிறவர்களும், வேலையையே விட்டுவிட்டுத் தொடங்குகிறவர்களும் உண்டு. இவற்றுள் எது சிறந்தது என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் எந்த வழி அதிக வேகத்தோடு தொடங்கவைக்கிறது என்பதையே பார்க்கிறார்கள். அந்த அளவுகோல் பயன்படாது என்பது என் கருத்து, ஏனென்றால் முதல் நாளில் எல்லா வழிகளும் நன்றாகவே வேலை செய்கின்றன. பிறகு காய்ச்சலோ, உறவினர் வீட்டுக் கல்யாணமோ, அலுவலகத்தில் மாதக் கடைசிக் கணக்கோ, விடாத மழையோ வந்து ஒரு நாள் தவறிப்போகும். அப்படித் தவறும் முதல் நாளில் நாம் தேர்ந்தெடுத்த வழி நம்மை என்ன செய்கிறது, மறுநாள் திரும்பி வரவைக்கிறதா அல்லது அதோடு விட்டுவிடவைக்கிறதா என்பதை வைத்துத்தான் இந்த வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

மின் கட்டணத்தையோ வருமான வரிக் கணக்கையோ நாம் தள்ளிப்போட்டாலும் கடைசி நாளுக்குள் எப்படியோ முடித்துவிடுகிறோம். முடிக்காவிட்டால் இணைப்பைத் துண்டிக்கவும் அபராதம் போடவும் வெளியே ஒருவர் இருக்கிறார். தனக்காகச் செய்துகொள்ளும் காரியங்களுக்கு அப்படி யாரும் இல்லை. காலையில் நடப்பதற்கும், மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி வைப்பதற்கும், தட்டச்சு படித்து லோயர் என்னும் முதல்நிலைத் தேர்வு எழுதுவதற்கும், பாதியில் நின்ற பட்டப்படிப்பை முடிப்பதற்கும் கெடு வைக்க ஆள் இல்லாததால் அவை ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன. இது சோம்பேறித்தனம் மட்டும் அன்று. கனடாவைச் சேர்ந்த டிமோதி பிச்சிலும் ஃபூஷியா சிராயும் தள்ளிப்போடும் பழக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். ஒரு வேலையை நினைக்கும்போது எழும் சலிப்பு, பயம், தெளிவின்மை ஆகியவற்றிலிருந்து அப்போதைக்குத் தப்பிக்கவே மனிதர்கள் அதை ஒத்திவைக்கிறார்கள் என்று அவர்கள் எழுதினார்கள். அலுவலகத்தில் பம்பரமாகச் சுழலும் ஒருவர் தன் சொந்த விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி இருக்கிறார் என்ற வீட்டாரின் கேள்விக்கு இது ஓரளவு பதில் சொல்கிறது. நேர மேலாண்மை பற்றிய அறிவுரைகள் இவ்விஷயத்தில் அதிகம் உதவாததற்கும் இதுவே காரணம்.

நல்ல நாள் பார்த்துத் தொடங்குவதைக் கேலி செய்வது எளிது. அதற்குக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தை முதல் நாள், ஆடிப்பெருக்கு, விஜயதசமி என்று புதிய காரியங்களைத் தொடங்குவதற்கென்றே சில நாள்கள் நம்மிடம் இருக்கின்றன. பிறந்தநாளும் ஆங்கிலப் புத்தாண்டும் பிற்காலத்தில் சேர்ந்துகொண்டன. இத்தகைய நாள்களுக்கு உண்மையிலேயே ஓர் உந்துதல் உண்டு என்பதை ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகிய மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வாரம், மாதம், ஆண்டு ஆகியவற்றின் தொடக்கத்திலும் பிறந்தநாளை ஒட்டியும் உணவுக் கட்டுப்பாடு பற்றிய இணையத் தேடல்களும் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வருவோர் எண்ணிக்கையும் கூடுவதை அவர்கள் கண்டார்கள். பழைய கணக்கை மூடிவிட்டுப் புதிய கணக்கைத் தொடங்கிய உணர்வை அந்த நாள் தருகிறது.

நாள் தவறும்போதுதான் இந்த வழியின் பலவீனம் தெரிகிறது. தை முதல் நாளில் தொடங்கி, மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் கழிந்து, ஊரிலிருந்து திரும்பிய களைப்பில் நான்காம் நாளே விட்டுவிட்டவருக்கு, நாளின் சிறப்பால் கிடைத்த வேகம் அத்தனையும் ஏற்கெனவே செலவாகிவிட்டிருக்கும். சாதாரணமான ஒரு புதன்கிழமையில் மீண்டும் தொடங்க அவருக்கு மனம் வருவதில்லை. அடுத்த மாதம் முதல் தேதி, அடுத்த திங்கட்கிழமை என்று தேட ஆரம்பிக்கிறார். ஆடி மாதமும் மார்கழி மாதமும் சுப காரியங்களுக்கு ஆகாதவை என்ற வழக்கம் தட்டச்சுப் படிப்புக்கும் காலை நடைக்கும் பொருந்தாது என்று அவருக்கே தெரியும். ஆனாலும் தள்ளிப்போட விரும்பும் மனத்துக்கு அது கைக்கு எட்டிய சாக்கு. விஜயதசமியில் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைக்கும் வழக்கத்தைக் கவனித்தால் ஒன்று புலப்படும்: அந்த நாளை நம் முன்னோர்கள் தனியாக விட்டுவிடவில்லை. எழுதவைப்பவர் ஓர் ஆசிரியரோ பெரியவரோ, மறுநாளிலிருந்து பாடம் சொல்ல ஒருவர் இருக்கிறார். பெரியவர்களான நாம் நாளை மட்டும் எடுத்துக்கொண்டு ஆசிரியரை விட்டுவிடுகிறோம். எனவே நல்ல நாள் இரண்டு வாரங்களுக்குள் வருமானால் அதைத் தொடக்கத்துக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் தொடர்வதற்கு வேறொரு வழி கூடவே வேண்டும். மூன்று மாதங்களுக்கு அப்பால் இருந்தால் அது தேதி குறித்த தள்ளிப்போடுதல்தான்.

சிறிதாக இன்றே தொடங்குவது என்ற வழிக்கு இப்போது ஆதரவாளர்கள் அதிகம். முப்பது நிமிட நடைக்குப் பதிலாகக் காலணியை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் வருவது, ஓர் அத்தியாயத்துக்குப் பதிலாக ஒரு பக்கம் படிப்பது என்ற இந்த அளவுகள் வேலையைப் பற்றிய பயத்தை எழவிடாத அளவுக்குச் சிறியவை. தள்ளிப்போடுவதற்குக் காரணம் அந்த வேலையை நினைக்கும்போது எழும் சங்கடம்தான் என்றால், சங்கடத்தைச் சுருக்கிவிடும் இந்த வழி நோயின் மூலத்திலேயே கை வைக்கிறது. இதோடு ‘எப்போது, எங்கே’ என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் பலன் கூடுகிறது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் வெரோனிகா பிராண்ட்ஷ்டேட்டருடன் சேர்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்துமஸ் விடுமுறையின்போது ஒரு சிறு கட்டுரை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறோம் என்று முன்பே குறித்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் சொன்ன கெடுவுக்குள் எழுதினார்கள். எழுதுவோம் என்று மட்டும் நினைத்திருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே எழுதினார்கள். ‘காலையில் நடப்பேன்’ என்பதைக் காட்டிலும் ‘பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தவுடன் காலணியை மாட்டுவேன்’ என்பது வலுவான தீர்மானம், ஏனென்றால் பால் பாக்கெட் நாள்தோறும் தவறாமல் வந்து நினைவூட்டுகிறது.

தவறும் முதல் நாளைப் பொறுத்தவரை இந்த வழிக்கு நான் அதிக மதிப்பெண் தருவேன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரங்கள் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாவதற்கு நடுமதிப்பாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாள்களிலிருந்து 254 நாள்கள் வரை வேறுபட்டது. 21 நாள்களில் எதுவும் பழகிவிடும் என்று எங்கும் சொல்லப்படும் கணக்குக்கு இங்கே இடமில்லை. அதே ஆய்வின் இன்னொரு முடிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது: இடையில் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. தெருமுனை வரை நடப்பவர் நேற்றுப் போகவில்லை என்றால் இன்றைக்குப் போக அவருக்குத் தடையாக எதுவும் இல்லை. கட்டிய பணம் வீணானதென்ற உறுத்தல் இல்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் சிறியது சிறியதாகவே நின்றுவிடும் ஆபத்தை இந்த வழியின் ஆதரவாளர்கள் அதிகம் பேசுவதில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். நாளுக்கு ஐந்து நிமிட நடை வாரத்துக்கு முப்பத்தைந்து நிமிடங்கள்தான். ஆங்கிலத் தட்டச்சு லோயர் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள் வேகம் வேண்டும், அதற்கு மேல்நிலையான ஹையருக்கு 45. நாளுக்கு ஐந்து நிமிடம் தட்டி அந்த வேகத்துக்கு வந்தவரை நான் கண்டதில்லை. ஆகவே சிறிய தொடக்கம் நடை, வாசிப்பு போன்று மெல்ல மெல்ல நீட்டிக்கொள்ளக்கூடிய காரியங்களுக்குப் பொருந்தும். குறிப்பிட்ட அளவு பயிற்சி இல்லாமல் பலனே கிடைக்காத காரியங்களுக்கு அது வாசல்படி வரைதான் கொண்டுவிடும்.

பணம் கட்டிச் சேர்ந்துவிடுவது நம்மிடையே அதிகம் கையாளப்படும் வழி. ‘காசு கட்டிவிட்டால் போய்த்தானே ஆக வேண்டும்’ என்பது அதன் தர்க்கம். இந்தத் தர்க்கம் உண்மையில் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதை ஸ்டெஃபானோ டெல்லாவின்யாவும் உல்ரிகே மால்மெண்டியரும் அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களின் வருகைப் பதிவுகளைக்கொண்டு ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். மாதத்துக்கு 70 டாலருக்கு மேல் கட்டணம் செலுத்திய உறுப்பினர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் வந்தார்கள். அதாவது ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் செலவழித்தார்கள். பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலரோடு முடிந்திருக்கும். வருவதை நிறுத்திய பிறகும் உறுப்பினர் கணக்கை முடித்துக்கொள்ளச் சராசரியாக இரண்டு மாதங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள் என்பது அந்த ஆய்வில் நான் ரசித்த செய்தி. வெளியேறுவதையும் அவர்கள் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் ஆண்டுக் கட்டணத்தில் பெரிய தள்ளுபடி தருவதாக டிசம்பர் கடைசியில் ஒட்டப்படும் சுவரொட்டிகளைப் பார்க்கும்போது, மார்ச் மாதத்தில் யாரெல்லாம் வரமாட்டார்கள் என்பது அந்தத் தள்ளுபடிக் கணக்கில் சேர்ந்தே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அதே கட்டண வழியில் தட்டச்சுப் பயிலகம் வேறு விதமாக நடக்கிறது. காலை ஆறு மணியிலிருந்து மணிக்கு ஒரு பேட்ச். ஒருவருக்கு ஒரு மணி நேரம், ஓர் இயந்திரம். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் பாடம் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’, வலக்கைக்கு ‘செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே’. இதையே தாள் நிரம்ப அடிக்க வேண்டும். சுண்டுவிரலுக்குப் பலம் போதாமல் ‘ஏ’ மட்டும் மங்கலாக விழும். வரி முடியப்போகிறது என்று மணி அடித்ததும் நெம்புகோலைத் தள்ளி உருளையை வலக்கோடிக்குக் கொண்டுபோக வேண்டும். விசையைப் பார்த்து அடித்தால் பின்னாலிருந்து மாஸ்டரின் குரல் வரும். ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதே ‘நேத்து ஏம்மா வரலை?’ என்ற கேள்வி வந்துவிடும். உடற்பயிற்சிக் கூடத்துக்கு நாம் வராத நாளில் இடம் மிச்சம். பயிலகத்துக்கோ நம் தேர்ச்சிதான் விளம்பரம், எனவே அடுத்த தேர்வில் நாம் தேறியாக வேண்டிய அக்கறை அவர்களுக்கும் இருக்கிறது. பணம் கட்டிச் சேரும் வழியைத் தேர்ந்தெடுப்பவர் கட்டணம் எவ்வளவு என்பதைக் கேட்கும் முன்னால், நான் வராவிட்டால் இங்கே யாருக்காவது தெரியுமா என்பதைக் கேட்டுக்கொள்வது நல்லது. தொகை சிறியதாக இருந்தாலும் கேட்க ஆள் இருக்கும் இடம் மேல். பெருந்தொகை கட்டியும் கேட்பாரற்ற இடம் வேண்டாம்.

வகுப்பில் சேர்வதால் கிடைக்கும் இன்னொரு நன்மையைப் பெண்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். வீட்டு வேலையும் பிள்ளைகளும் பெரியவர்களும் சூழ்ந்திருக்கும் ஒருவருக்கு நாளில் ஒரு மணி நேரம் தனக்கென்று கிடைப்பதே அரிது. ‘கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன்’ என்று சொன்னால் ‘இந்தத் துணியைக் காயப்போட்டுவிட்டுப் போ’ என்று வரும். ‘ஆறு மணி வகுப்பு’ என்று சொன்னால் வீடு வழிவிடுகிறது. இவர்களிடம் சிறிதாகத் தொடங்குங்கள், ஐந்து நிமிடம் போதும் என்று சொல்வது அவர்களுடைய சிக்கலைப் புரிந்துகொள்ளாத அறிவுரை. அவர்கள் தள்ளிப்போடுவதாகத் தெரிவதில் பெரும்பகுதி பிறரால் தள்ளப்படுவதுதான்.

வகுப்போடு தேர்வுத் தேதியும் சேர்ந்தால் அது கெடுவாகிறது. அரசுத் தொழில்நுட்பத் தட்டச்சுத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் நடப்பதால், சேர்ந்தவருக்கு ஆறு மாதத்துக்குள் ஒரு கெடு தானாகவே அமைந்துவிடுகிறது. ஒரு முறை தவறினாலும் அடுத்தது கண்ணுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. இதற்கு நேர்மாறான அமைப்பு தொலைநிலைக் கல்வி. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு இளங்கலைப் படிப்பை ஆறு ஆண்டுகள் வரை எடுத்துக்கொண்டு முடிக்கலாம். வேலையிலும் குடும்பத்திலும் சிக்கிக்கொண்டவர்களுக்காகச் செய்யப்பட்ட இந்தச் சலுகையே, ஜூன் தேர்வை டிசம்பருக்கும் டிசம்பர் தேர்வை அடுத்த ஜூனுக்கும் மாற்றிக்கொண்டே போக இடம் தருகிறது. தனக்குத் தானே இடைக்கெடுக்கள் வைத்துக்கொள்வது பலன் தருமா என்பதை டான் ஏரியலியும் கிளாஸ் வெர்டென்ப்ராக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் பார்த்தார்கள். மூன்று கட்டுரைகளுக்கும் கெடுத் தேதிகளை மாணவர்களே குறித்துக்கொள்ளலாம், தாமதமானால் மதிப்பெண் குறையும் என்ற நிலையில், பெரும்பாலோர் கடைசி நாளை மட்டும் குறிக்காமல் முன்கூட்டியே கெடுக்களை வைத்துக்கொண்டார்கள். ஆசிரியர் சம இடைவெளியில் கெடு வைத்த வகுப்பினர் அவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். நம் பலவீனம் நமக்குத் தெரிகிறது, ஆனால் அதற்கு மருந்தை நாமே அளந்து போட்டுக்கொள்ளும்போது அளவு குறைந்துவிடுகிறது. தொலைநிலையில் படிப்பவர் ஒப்படைப்புகளுக்கான தேதிகளைத் தாமே வைத்துக்கொள்வதைவிட, உடன் படிக்கும் ஒருவரையோ வீட்டில் கண்டிப்பான ஒருவரையோ வைத்துத் தரச் சொல்வது நல்லது.

ஆள் துணையோடு தொடங்குவது அடுத்த வழி. இங்கே ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வதற்கும் ஒரு குழுவில் சேர்வதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. நண்பர் ஒருவரோடு காலை நடைக்குப் போவது தொடக்கத்தில் இனிமையாக இருக்கும். அவர் வாசலில் வந்து நிற்கும்போது போர்வைக்குள் கிடக்க முடியாது. ஆனால் அவர் வராத நாளில் நாமும் போவதில்லை. இருவர் மட்டும் உள்ள ஏற்பாட்டில் தவறும் நாள்கள் இரட்டிப்பாகின்றன. மூன்று நான்கு முறை அப்படி ஆனபின் இருவரும் ஒருவரையொருவர் கேட்காமல் இருந்துவிடுவதே மரியாதை என்றாகிவிடுகிறது. குழுவில் ஒருவர் வராவிட்டாலும் மற்றவர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். இரண்டு நாள் கழித்துப் போனால் ‘எங்கே சார் ஆளையே காணோம்’ என்று கேட்டுவிட்டு மீண்டும் சேர்த்துக்கொள்வார்கள். தவறியவரைத் திரும்ப ஏற்றுக்கொள்வதில் பூங்காக்களில் கூடும் நடைக் கூட்டங்களுக்கு நிகராக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் கண்டு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற அரசுத் திட்டம் 2023 நவம்பரில் தொடங்கப்பட்டது. தனியாகத் தொடங்கத் தயங்குகிறவருக்குப் பக்கத்திலேயே ஆள்கள் கிடைக்க அது ஒரு வாய்ப்பு.

குழுவின் பலத்தைப் பணம் சேர்க்கும் விஷயத்தில் நம் பெண்கள் நெடுங்காலமாகவே பயன்படுத்தி வருகிறார்கள். 1989இல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுதும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் பன்னிரண்டிலிருந்து இருபது பேர் வரை இருப்பார்கள்; குறித்த நாளில் கூட்டம், ஆளுக்குக் குறித்த சேமிப்பு, எல்லோர் முன்னிலையிலும் பதிவேட்டில் எழுத்து. தெருவில் பிடிக்கும் சீட்டும் இப்படித்தான்: இந்த மாதம் பணம் கொடுக்காவிட்டால் அது வெறும் சேமிப்புத் தவறாக இல்லாமல், இந்த மாதம் சீட்டு எடுத்தவரின் மகள் கல்லூரிக் கட்டணத்தில் விழும் துண்டாகிவிடுகிறது. இவ்வளவு வலுவான கட்டு வேறெந்த வழியிலும் இல்லை. ஆனால் சீட்டில் தவறும் முதல் மாதம் முகத்தில் விழிக்க முடியாத மாதம். கட்டு வலுவாக இருப்பதாலேயே அறுந்தால் உறவும் சேர்ந்து அறுகிறது. நடத்துபவர் நம்பிக்கையானவராக இல்லாவிட்டால் போட்ட பணமும் போகும். நிலையான வருமானம் இல்லாதவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொள்வது என்ற வழி சேமிப்புக்கே மிகவும் பொருந்துகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோ பகுதி வங்கி ஒன்றில் நாவா அஷ்ரஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் ஆகியோர் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. தாங்களே குறித்த தேதியோ தொகையோ வரும்வரை பணத்தை எடுக்க முடியாத கணக்கை 710 வாடிக்கையாளர்களுக்கு அளிக்க முன்வந்தபோது 202 பேர் ஏற்றுக்கொண்டார்கள். ஓராண்டுக்குப் பிறகு, ஏற்காதவர்களையும் சேர்த்துப் பார்த்தாலும், அந்த 710 பேரின் சராசரி இருப்பு, இக்கணக்கு அளிக்கப்படாத வாடிக்கையாளர்களைக் காட்டிலும் 81 விழுக்காட்டுப் புள்ளிகள் அதிகமாக உயர்ந்திருந்தது. நால்வரில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோர்தான் இந்தக் கட்டை விரும்பி ஏற்றார்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

நம் அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கு, அதாவது ஆர்.டி., இதே தத்துவத்தில் அமைந்த எளிய கட்டு. மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், ஐந்தாண்டுக் காலம். ஒரு மாதம் தவறினால் 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். நான்கு தவணைகள் தவறும்வரை கணக்கு உயிரோடு இருக்கும், அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் புதுப்பித்துக்கொள்ளவும் இடமுண்டு. இந்த விதிகளை வகுத்தவர் மனித மனத்தை அறிந்தவர் என்று நினைக்கத் தோன்றுகிறது. அபராதம் நினைவூட்டும் அளவுக்கு இருக்கிறது, பயந்து ஓடவைக்கும் அளவுக்கு இல்லை. ஒரு நாள் நடக்காவிட்டால் நண்பனுக்கு ஆயிரம் ரூபாய் என்று வீம்பாகப் பந்தயம் கட்டுகிறவர்கள், இரண்டாம் முறை தோற்றதும் பந்தயத்தையே கைவிட்டுவிடுகிறார்கள். சம்பளம் வரும் நாளுக்கு மறுநாளே கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிட்டால் மன உறுதி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது: ஒரே ஒரு முறை தள்ளிப்போடாமல் இருந்தால் போதும். துரதிர்ஷ்டவசமாக நடையையும் படிப்பையும் இப்படித் தானாகக் கழித்துக்கொள்ள எந்த வங்கியும் இல்லை.

ஊரறிய அறிவித்துவிட்டுத் தொடங்குவதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. கோல்விட்ஸரும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ‘நான் இப்படிப்பட்டவன் ஆவேன்’ என்ற வகை இலக்கைப் பிறர் அறிந்துகொண்டுவிட்டால் அதற்கான உழைப்பு குறைவதைக் கண்டார்கள். பாராட்டு முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ‘முதல் நாள்’ என்று காலணிப் படம் போட்டவர் ஐந்தாம் நாள் தவறும்போது, பார்த்தவர்களில் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை, ஆனால் எல்லோரும் கவனிப்பார்கள் என்ற கூச்சம் மட்டும் அவருக்கு மிஞ்சும். கேட்க ஆளில்லாமை, கூச்சம் ஆகிய இரண்டின் தீமையும் ஒன்றாகச் சேர்ந்த வழி இது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்குவதும், சேமிப்பில் ஓராண்டுச் செலவுக்குப் பணமும் திரும்பிச் சேர வழியும் இருந்தாலொழிய, ஒப்பீட்டுக்கே வராது. அன்றாடம் ஒரு மணி நேரத்தைக் காக்க முடியாதவர் எட்டு மணி நேரத்தைக் காத்துவிடுவார் என்று நம்ப ஆதாரமில்லை.

ஆக, சேமிப்பு என்றால் தானாகக் கழியும் ஆர்.டி. போன்ற மென்மையான கட்டு. பயிற்சி வேண்டும் திறன் என்றால் கேட்க ஆளும் தேர்வுத் தேதியும் உள்ள வகுப்பு. உடல்நலம் என்றால் பால் பாக்கெட்டோடு கட்டிய சிறிய தொடக்கம், அது பதினைந்து நிமிடத்தைத் தொட்டதும் ஒரு நடைக் கூட்டம் என்று நான் தேர்ந்தெடுப்பேன். எழுதுவது, வரைவது போன்று தனிமை வேண்டும் காரியங்களில்தான் எனக்குத் தயக்கம் மிகுதி. அங்கே குழு கலைத்துவிடுகிறது, வகுப்பு திசைமாற்றிவிடுகிறது, எனவே குறித்த நேரமும் குறித்த இடமும் தவிர வேறு துணை கிடைப்பதில்லை. ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவருக்கு அந்தக் குறித்த நேரமும் வாய்க்காது. அவர் ‘ஆறு மணிக்கு’ என்று வைத்துக்கொள்ளாமல் ‘வேலை முடிந்து சீருடையை மாற்றியதும்’ என்பது போலத் தன் நாளோடு நகரும் ஓர் அடையாளத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எந்த வழியானாலும் தவறிய பிறகு தன்னைத் தானே திட்டிக்கொள்வது கூடுதல் உறுதியைத் தரும் என்பது பொதுவான நம்பிக்கை. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வோல், பிச்சில், ஷானன் பென்னட் ஆகியோர் முதலாண்டு மாணவர்களிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான முடிவையே தந்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். திட்டிக்கொள்ளும்போது அந்த வேலையை நினைத்தாலே எழும் கசப்பு கூடுகிறது, கசப்புதானே முதலில் தள்ளிப்போடவைத்தது. குளிப்பது, சாப்பிடுவது, தொலைபேசியை எடுப்பது உட்பட எல்லாமே வாரக்கணக்கில் தள்ளிப்போகின்றன, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது வழிகளை ஒப்பிட்டுத் தீர்க்கும் விஷயம் அன்று. மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதற்கும் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், முதலில் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

வழியைத் தேர்ந்தெடுக்கும்போது உள்ளே நுழையும் செலவை மட்டும் பார்க்காமல், பொருந்தாவிட்டால் வெளியே வரும் செலவையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அஞ்சலக ஆர்.டி.யை மூன்றாண்டுக்கு முன் மூட முடியாது. அதன் பிறகு முதிர்வுக்கு முன்பே மூடினால் சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும். எனவே எளிதாகக் கட்டக்கூடிய தொகையில் பாதியிலிருந்து தொடங்கி, மீதிக்குப் பிறகு இன்னொரு கணக்கு திறப்பது பாதுகாப்பானது. வகுப்பானால் முதல் இரண்டு மாதக் கட்டணத்தை மாதாமாதம் கட்டிப் பார்த்து, தேர்வு விண்ணப்பம் வரும்போது தொடர்வதை முடிவு செய்யலாம். உடற்பயிற்சிக் கூடத்தில் ஆண்டுச் சந்தாவுக்கு எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும், மாதச் சந்தாவில் ஒரு மழைக்காலத்தைக் கடந்த பிறகு அதைப் பற்றி யோசிப்பதே உசிதம்.